சந்தேகத்தைச் சுமப்பது யார்? விமான நிலையச் சோதனையும் சமூகவியலும்

1973 ஜனவரி 5 அன்றுதான் அமெரிக்க விமான நிலையங்களில் ஒவ்வொரு பயணியையும் அவர் கைப்பையையும் சோதித்த பிறகே விமானத்தில் ஏற்ற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, வழியனுப்ப வந்தவர்கள் விமானம் நிற்கும் இடம் வரை போய்வர முடிந்தது. 1968 முதல் 1972 வரை அந்நாட்டில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் நடந்திருந்தன. ஆனாலும் விமான நிறுவனங்கள் சோதனையைக் கடுமையாக எதிர்த்துவந்தன. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவரைக் குற்றவாளிபோல நிறுத்திச் சோதித்தால் அவர் பறப்பதையே விட்டுவிடுவார் என்பது அவர்கள் அச்சம். 1972 நவம்பரில் சதர்ன் ஏர்வேஸ் விமானத்தைக் கடத்திய மூவர், ஓக் ரிட்ஜ் அணு உலை வளாகத்தின் மீது விமானத்தை மோதுவோம் என்று மிரட்டிய பிறகே எதிர்ப்பு அடங்கியது.

நிறுவனங்கள் அஞ்சியபடி நடக்கவில்லை. மக்கள் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பின் பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது கழற்றினார்கள். காலணியைக் கேட்டபோது கொடுத்தார்கள். இரு கைகளையும் உயர்த்தி நிற்கச் சொன்னபோது நின்றார்கள். போலீஸ்காரர் தெருவில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால் காரணம் கேட்கும் அதே மனிதர், விமான நிலையத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து வைக்கிறார். இந்த இணக்கம் எப்படி உருவானது? இதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்? அரை நூற்றாண்டாகச் சமூகவியலாளர்கள் இதற்குப் பல கோணங்களிலிருந்து விடை தேடியிருக்கிறார்கள். சடங்கு என்றார்கள், கண்காணிப்பு என்றார்கள், நாடகம் என்றார்கள். அவர்களுடைய விளக்கங்கள் எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் சோதனைச் சாவடியில் சந்தேகத்தின் பாரம் யார் தோளில் எவ்வளவு விழுகிறது என்று கேட்கும் ஆய்வுகளே நமக்கு அதிகம் பயன்படுபவை என்பது என் கருத்து.

விதிகள் பிறந்த கதையை முதலில் பார்க்க வேண்டும். விமானப் பாதுகாப்பின் விதிப்புத்தகத்தில் பல வரிகள் சாவுக்குப் பின் எழுதப்பட்டவை. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்துக்கென்று பதிவுசெய்யப்பட்டு, உடையவர் ஏறாமல் விட்டுச்சென்ற பெட்டிகளில் அது இருந்தது. முப்பது பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கை செல்லக் காத்திருந்த பயணிகள். பெட்டி பயணம் போகிறது, அதற்குரிய ஆள் போகவில்லை என்றால் அங்கே ஆபத்து இருக்கிறது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது. பத்து மாதம் கழித்து, 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் நடுவானில் வெடித்து 329 பேர் இறந்தார்கள். வான்கூவரில் பதிவுசெய்யப்பட்ட ஒரு பெட்டி அதில் இருந்தது. பெட்டிக்குரியவர் ஏறவே இல்லை. டொராண்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகி, கையடக்கக் கருவியைக் கொண்டு மீதிப் பெட்டிகளைச் சோதித்திருந்தார்கள். 1988 டிசம்பர் 21 அன்று லாக்கர்பியிலும் ஆளில்லாத பெட்டிதான் 270 உயிர்களைக் கொண்டுபோனது.

இந்தியாவில் 1976-இல் நடந்த கடத்தலுக்குப் பின் 1978-இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கிய சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், கனிஷ்காவுக்குப் பின் 1987 ஏப்ரலில் தனித் துறையானது. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட ஐசி 814 காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதுவரை மாநிலப் போலீஸ் கையில் இருந்த விமான நிலையக் காவல், 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு மாறியது.

பேரிடருக்குப் பின் விதி பிறப்பது எளிது. பிறந்த விதியை விலக்குவதுதான் கடினம். 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்துப் பறந்தான். 2006-இல் அமெரிக்காவில் எல்லாரும் காலணியைக் கழற்றியாக வேண்டும் என்றானது. அந்த விதி விலக 2025 ஜூலை வரை ஆனது. நம் ஊரில் கைப்பையில் கட்டிய அட்டையில் முத்திரை குத்தும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். முத்திரை இல்லையென்று விமானத்தின் வாசலிலிருந்து திரும்பி ஓடியவர்கள் எத்தனையோ பேர். அது ஏழு பெரிய நிலையங்களில் முதலில் கைவிடப்பட்டதே 2017-இல்தான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு விதியை நீக்கிய அதிகாரி, பிறகு ஏதாவது நடந்தால் பழி முழுவதையும் தனியாகச் சுமக்க வேண்டும். நீக்காமல் விட்டாலோ, அதன் விலை கோடிக்கணக்கான பயணிகளின் சில நிமிடங்களாகச் சிதறிப்போகிறது; யாரும் கணக்கு கேட்பதில்லை. அதிகாரவர்க்கத்தைப் பற்றி ராபர்ட் மெர்ட்டன் எழுதியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: விதி எதற்காக வந்ததோ அந்த நோக்கம் மறைந்த பிறகும், விதியைப் பின்பற்றுவதே கடமையாக எஞ்சுகிறது.

சடங்கு என்று பார்ப்பவர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆர்னால்ட் வான் கெனப் 1909-இல் வாழ்க்கை மாற்றச் சடங்குகளை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பழைய நிலையிலிருந்து விலகுதல், இடைநிலையில் இருத்தல், புதிய நிலையில் சேர்தல். விக்டர் டர்னர் அந்த இடைநிலையைப் பற்றி விரிவாக எழுதினார். அங்கே மனிதர் தம் அடையாளங்களை இழந்து, வெறும் உடலாக, சொன்னதைக் கேட்பவராக நிற்கிறார். வாட்சும் பர்சும் பெல்ட்டும் தட்டில் போக, கையை விரித்து மேடைமேல் நிற்கும் பயணிக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை. மேரி டக்ளஸ் 1966-இல் தூய்மை, தீட்டு பற்றி எழுதிய நூல் இன்னும் நுட்பமானது. ஒரு பொருள் தன்னளவில் தீட்டில்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதே அதைத் தீட்டாக்குகிறது என்றார் அவர். பல நாடுகளில் சாவடிக்கு இந்தப் பக்கம் தாகத்துக்கான தண்ணீர் அந்தப் பக்கம் போகும்போது தடைசெய்யப்பட்ட திரவம் ஆகிறது. தாண்டிய பின் அதே தண்ணீர் கடையில் விற்கப்படுகிறது.

டக்ளஸ் சொன்னதற்கு நம்மிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகத் தடை உண்டு. சபரிமலைக்குப் போகும் பக்தருக்கோ இருமுடியைத் தன்னிடமிருந்து பிரித்து, மற்றப் பெட்டிகளோடு அனுப்புவது நினைத்துப் பார்க்க முடியாத செயல். 2024 அக்டோபரில் பாதுகாப்புப் பணியகம் ஒரு வழி கண்டது. எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயச் சோதனை, கையால் சோதித்தல் மூன்றையும் செய்த பிறகு, நெய்த்தேங்காயோடு கூடிய இருமுடியை விமானத்துக்குள் எடுத்துச்செல்லலாம் என்று 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தது. அதேபோல உள்நாட்டு விமானங்களில் சீக்கியர்கள் அளவுக்குட்பட்ட கிர்பானை வைத்துக்கொள்ளலாம். கத்திப் பகுதி ஆறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு புனித ஒழுங்கும் ஒரு பாதுகாப்பு ஒழுங்கும் எதிரெதிரே வந்து, பேசி முடிவுக்கு வந்த நிகழ்வுகள் இவை. விதி கல்லில் எழுதியது அல்ல, கேட்கும் குரலுக்கு வலிமை இருந்தால் அது வளையும் என்பதும் இவற்றில் தெரிகிறது. வலிமையில்லாத குரலுக்கு என்ன ஆகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் சடங்குக் கோட்பாட்டின் போதாமை ஒன்று உண்டு. டர்னரின் இடைநிலையில் எல்லாரும் சமமாகிறார்கள். அந்தச் சமநிலையில் ஒரு தோழமை பிறக்கிறது. சோதனை வரிசையில் அப்படிப்பட்ட தோழமை பிறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் தாமதப்படுத்துகிறாரே என்ற எரிச்சல்தான் பிறக்கிறது. சமத்துவமும் இல்லை.

அடுத்து, கண்காணிப்பு என்று பார்ப்பவர்கள் எடுத்தாளும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ. விமான நிலையத்தைப் பற்றிய கல்விக் கட்டுரைகளில் அவர் பெயர் வராதது அரிது. 1975-இல் அவர் எழுதிய சிறைச்சாலை நூலிலுள்ள, நடுவிலிருந்தே எல்லாக் கைதிகளையும் பார்க்க முடிகிற வட்டச்சிறையை எடுத்து, கேமராக்கள் நிறைந்த முனையத்தின்மீது பொருத்திவிடுகிறார்கள். இந்தப் பொருத்தம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டது என்பதே என் எண்ணம். வட்டச்சிறை ஆட்களை அசையாமல் வைத்திருக்கும் ஏற்பாடு. விமான நிலையத்தின் வேலையோ ஆட்களை ஓடவிடுவது. வரிசை நகராவிட்டால் விமானம் தாமதமாகும், கடைகளில் விற்பனை குறையும். 1977-78-இல் கொலேஜ் து ஃபிரான்ஸில் ஃபூக்கோ ஆற்றிய உரைகள்தான் இங்கே அதிகம் உதவுபவை. நவீன அரசு ஓட்டத்தைத் தடுப்பதில்லை. நல்ல ஓட்டத்தை விட்டு, கெட்டதை மட்டும் வடிகட்டப் பார்க்கிறது என்று அவற்றில் அவர் விளக்கினார். மார்க் சால்ட்டர் போன்றோர் விமான நிலையத்தை ஆராய்ந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். எங்கே போகிறீர்கள், எதற்காக, யாரிடம் என்று எல்லை அதிகாரி கேட்கும்போது பயணி தன்னைப் பற்றித் தானே வாக்குமூலம் தருகிறார் என்று சால்ட்டர் எழுதியது கவனிக்கத்தக்கது. மார்க் ஓஜே 1992-இல் விமான நிலையங்களை வரலாறும் உறவும் அற்ற இடங்கள் என்றார். வளைகுடாவிலிருந்து வரும் மகனுக்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே விடிய விடியக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருத்து முழுதாகப் பொருந்தாது.

நான் அதிக நேரம் நிற்க விரும்புவது எர்விங் கோஃப்மன், ஹரால்ட் கார்ஃபிங்கல் என்ற இருவரிடம். மனநல விடுதி, சிறை போன்ற இடங்களில் புதிதாய் நுழைபவரிடம் உடை, உடைமை, பெயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பைச் சிறிது சிறிதாக உரித்தெடுப்பதை 1961-இல் கோஃப்மன் விவரித்தார். அதற்கு ஐந்தாண்டு முன்பே கார்ஃபிங்கல், ஒருவரைப் பிறர் முன் கீழிறக்கும் சடங்கு வெற்றி பெற என்னென்ன தேவை என்று ஒரு கட்டுரை எழுதினார். கீழிறக்குபவர் தன் சொந்த விருப்பில் பேசக் கூடாது, எல்லாருக்கும் பொதுவான ஒன்றின் பெயரால் பேச வேண்டும். பார்ப்பவர்கள் சாட்சிகளாக இருக்க வேண்டும். விமான நிலையத்தில் இரண்டும் தயாராகவே இருக்கின்றன. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்ற சொல் பொதுநலத்தின் பெயரால் வருகிறது. பின்னால் நிற்கும் வரிசை சாட்சி.

2009 ஏப்ரலில் தில்லி விமான நிலையத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை காண்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் நிறுத்திச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு இந்திய விதிகளின்படி சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஜூலையில் செய்தி வெளியானபோது நாடாளுமன்றம் கொந்தளித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கலாம் தாமாக எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ராமேசுவரத்தில் பிறந்து அந்த உயரத்துக்குப் போன மனிதர்மேல் நமக்கிருந்த அன்பும் இருந்தது. ஆனால் அவையில் எழுந்த கேள்வி, கலாமை எப்படிச் சோதிக்கலாம் என்பது. மற்றவர்களை எப்படிச் சோதிக்கிறோம் என்ற கேள்வி எழவில்லை. விலக்கு பெற்றோர் பட்டியலை நம் விமான நிலையங்களில் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள்: குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர்கள், தலாய் லாமா என்று நீளும் பட்டியல். இந்தியச் சமூகத்தில் யார்மேல் சந்தேகம் கொள்ளக் கூடாது என்பதை அரசே எழுத்தில் தந்த ஆவணம் அது. நம் சமூகவியல் மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

பட்டியலில் இல்லாதவர்களின் கதை வேறு. பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்தில் வலது காலை இழந்தவர். செயற்கைக் காலோடு மீண்டும் மேடையேறியவர். 2021 அக்டோபரில் அவர் ஒரு காணொலி வெளியிட்டார். வெடிமருந்துத் தடயச் சோதனை செய்யுங்கள் என்று கேட்டும், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கு முறையிட்டார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. கோஃப்மன் சொன்ன உரித்தல் இதுதான். மற்றவர் பெல்ட்டைக் கழற்றும்போது ஒரு பொருளைக் கழற்றுகிறார். இவர் கழற்றுவது தன் உடலின் ஒரு பகுதியை. எத்தனையோ ஆண்டு உழைப்பால் மீட்டெடுத்த நடையை. புகழ்பெற்ற கலைஞர் என்பதால் அவர் குரல் பிரதமர் வரை போனது. ஜெய்ப்பூர்க் கால் போட்டுக்கொண்டு முதல் முறை விமானம் ஏறும் கட்டடத் தொழிலாளி காணொலி போடுவதில்லை.

உடல் ஸ்கேனர்களிலும் இதே சிக்கல் வந்தது. 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் வெடிமருந்து மறைத்து வந்தவன் பிடிபட்ட பின் அமெரிக்காவில் அவை பெருகின. ஆடைக்கு உள்ளே உடலைக் காட்டிய வகை இயந்திரங்கள் எதிர்ப்பால் 2013-இல் அகற்றப்பட்டன. பொதுவான உருவரை காட்டும் இயந்திரங்கள் நிலைத்தன. ஆனால் அவற்றிலும் பல ஆண்டுகள், பயணியைப் பார்த்த பார்வையிலேயே ஆண் அல்லது பெண் என்று ஊழியர் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அந்த இரண்டில் அடங்காத உடலை இயந்திரம் ஆபத்து என்று குறித்தது. ஆண், பெண் என்று இரண்டே வரிசை இருக்கும் இடத்தில் ஒரு திருநங்கைக்கு வரிசையைத் தேர்ந்தெடுப்பதே முதல் சோதனை ஆகிவிடுகிறது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வதால் நாம் பாதுகாப்பாக இருக்கிறோமா? பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2003-இல் இதைப் பாதுகாப்பு நாடகம் என்றார். பாதுகாப்பைத் தராமல் பாதுகாப்பு உணர்வை மட்டும் தருவதாம். 2015-இல் கசிந்த ஓர் உள்தணிக்கை அவருக்கு வலுச் சேர்த்தது: வேடமிட்டு ஆயுதங்களோடும் போலி வெடிகுண்டுகளோடும் போன அமெரிக்க அரசின் சொந்தத் தணிக்கையாளர்கள், 70 முறையில் 67 முறை சாவடியைத் தாண்டினார்கள். 2001-க்குப் பின் உண்மையில் பயன் தந்தவை, விமானியறைக் கதவை வலுப்படுத்தியதும், இனிப் போராடியே ஆக வேண்டும் என்று பயணிகள் உணர்ந்ததும்தான் என்பது ஷ்னையரின் வாதம். ஜான் முல்லரும் மார்க் ஸ்டூவர்ட்டும் 2011-இல் செலவையும் பயனையும் கணக்கிட்டு ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார்கள்.

சாலைகளில் நடந்தது இன்னும் துயரமானது. 2001 செப்டம்பருக்குப் பின் பறக்க அஞ்சிக் காரில் போனவர்களால், பன்னிரண்டு மாதங்களில் அமெரிக்கச் சாலைகளில் 1,500 பேர் அளவில் கூடுதலாக இறந்தார்கள் என்று உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மதிப்பிட்டார். பெட்டிச் சோதனையின் தொல்லையாலேயே பயணிகள் எண்ணிக்கை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது என்று பொருளியலாளர்கள் பிளேலாக், கடியாலி, சைமன் மூவரும் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைக் குறைக்கும்போது தெரியாத ஆபத்து வேறிடத்தில் கூடுவதை உல்ரிக் பெக் 1986-லேயே தம் இடர்ச் சமூக நூலில் சொல்லியிருந்தார்.

ஆனாலும் நாடகம் என்ற சொல்லை நான் முழுதாக ஏற்கவில்லை. 1973-க்குப் பின் அமெரிக்காவில் கடத்தல்கள் சட்டென்று குறைந்தன. அந்த எளிய உலோகச் சோதனை உண்மையில் வேலை செய்தது. இன்னொரு காரணமும் உண்டு. நாடகம் என்றால் மேடையில் இருப்பவருக்கும் பார்ப்பவருக்கும் காயம் இல்லை. செயற்கைக் காலைக் கழற்றியவருக்கு அது நாடகம் இல்லை.

சந்தேகத்தைப் பங்கிடும் முறைக்கு இப்போது வருகிறேன். டேவிட் லயன் இதைச் சமூக வகைபிரிப்பு என்றார். கண்காணிப்பின் முக்கிய வேலை பார்ப்பது அல்ல, மனிதர்களை வகைபிரித்து ஒவ்வொரு வகையையும் வெவ்வேறாக நடத்துவது. எல்லாரையும் ஒரேபோல் சோதிப்பதைவிட, ஆபத்தானவர்களை அடையாளம் கண்டு அவர்களை மட்டும் துருவுவது அறிவுடைமை அல்லவா என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் இஸ்ரேல் விமானத்தில் ஏறவந்த கருவுற்ற ஐரிஷ் பெண்ணைப் பாதுகாவலர்கள் கேள்வி கேட்டுத் துருவினார்கள். அவரை மணப்பதாகச் சொன்னவன் அவருக்கே தெரியாமல் பையில் வைத்த வெடிமருந்து கிடைத்தது. ஆனால் அங்கே உயிர்களைக் காத்தது நிதானமான உரையாடல். இனத்தை வைத்துப் போட்ட கணக்கு அல்ல. கணக்கு தவறியதற்கு 1972 மே 30 அன்று டெல் அவிவ் அருகே லாட் விமான நிலையத்தில் நடந்தது சான்று. பாலத்தீனர்களை எதிர்பார்த்துக் காவல் இருந்த இடத்தில், ஜப்பானியர் மூவர் வயலின் பெட்டிகளில் கொண்டுவந்த துப்பாக்கிகளால் 26 பேரைக் கொன்றார்கள்.

வகைபிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதற்கு எண்ணிக்கையும் உண்டு. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2000-இல் அந்நாட்டுச் சுங்கத் துறையின் விமானப் பயணிச் சோதனைகளை ஆராய்ந்தது. அமெரிக்கக் குடிமக்களான கறுப்பினப் பெண்கள், வெள்ளையினப் பெண்களைவிட ஒன்பது மடங்கு அதிகமாக எக்ஸ்ரேக்கு உட்படுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களிடம் கடத்தல் பொருள் கிடைத்ததோ பாதி அளவுக்கும் குறைவு. சிமோன் பிரவுன் 2015-இல் எழுதிய நூலில் இந்தப் பாரபட்சத்தை அடிமை முறைக் காலத்துக் கண்காணிப்பிலிருந்து தொடங்கி விளக்கினார். முகபாவத்தையும் நடத்தையையும் வைத்து ஆபத்தானவரைக் கண்டுபிடிக்கும் அமெரிக்கத் திட்டத்துக்கு 90 கோடி டாலர் செலவாகியிருந்தது. பொய்யை முகத்தில் கண்டறியும் மனிதத் திறன் குருட்டு ஊகத்தைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல என்று 2013-இல் அதே தணிக்கை அமைப்பு எழுதியது.

ஈழத் தமிழருக்கு இது நூலில் படித்துத் தெரிய வேண்டியதல்ல. 1986-இல் கட்டுநாயக்கவில் நின்ற விமானத்தில் குண்டு வெடித்தது. 2001 ஜூலையில் அந்த நிலையமே தாக்கப்பட்டது. தாக்குதல்கள் உண்மை, அச்சமும் உண்மை. அந்த ஆண்டுகளில் கொழும்புச் சாலைச் சாவடிகளில் அடையாள அட்டையிலிருந்த பெயரும் பிறந்த ஊரும் ஒருவரைத் தனியே நிறுத்தப் போதுமானவையாக இருந்ததும் உண்மை. ஒரு சிலரின் செயலுக்காக ஓர் இனம் முழுவதும் ஒவ்வொரு வாசலிலும் தன் குற்றமின்மையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. லயனின் கோட்பாட்டை வாழ்ந்தே அறிந்தவர்கள் அவர்கள்.

மறுமுனையில், பணமும் பாஸ்போர்ட்டும் உள்ளவர்களுக்கு வாசல் அகலமாகிக்கொண்டே வருகிறது. பீட்டர் ஏடி போன்ற புவியியலாளர்கள் இந்தப் புதிய மேல்தட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய தனி வரிசையில், கட்டணமும் தம் விவரங்களும் தந்தவர்கள், காலணி விதி இருந்த காலத்திலேயே அதைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

சாவடியின் அந்தப் பக்கம் நிற்பவரைப் பற்றி மிகச் சிலரே எழுதினார்கள். மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் சொன்னது இங்கே முக்கியம்: அரசின் கொள்கை என்பது கடைசியில், மக்களை நேருக்கு நேர் சந்திக்கும் கீழ்நிலை ஊழியர் நெருக்கடியில் எடுக்கும் முடிவுதான். வரிசை நீள்கிறது, மேலதிகாரி பார்க்கிறார், திரையில் ஒரு நிழல். ஜெரமி வுல்ஃபும் அவர் குழுவும் 2005-இல் செய்த சோதனையில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம் தவறவிடப்பட்டது. நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறவிடப்பட்டது. கிடைக்காததைத் தேடிக்கொண்டே இருக்கும் கண் சோர்ந்துபோகிறது. இது ஊழியரின் சோம்பல் இல்லை, மனித இயல்பு. ஐரோப்பாவில் ஒருவர் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது என்று விதி இருப்பது அதனால்தான். 2001-க்கு முன் அமெரிக்கச் சாவடிகளில் மிகக் குறைந்த கூலிக்கு ஒப்பந்த ஆட்கள் நின்றார்கள்; பெரிய நிலையங்களில் ஓராண்டுக்குள் வேலையைவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை மொத்தப் பணியிடங்களையே தாண்டியது. ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களின் புன்னகைக்குப் பின்னாலிருக்கும் உழைப்பை எழுதினார். நாளெல்லாம் அந்நியர் உடலைத் தொட்டு, அவர்கள் எரிச்சலை வாங்கி, முகம் மாறாமல் நிற்கும் காவலரின் உழைப்பும் அத்தகையதே. ஹார்வி மோலொட்ச் 2012-இல் எழுதிய நூல் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணியமாக நடத்தப்படும் பயணி எதையாவது கவனித்தால் சொல்வார், அவமதிக்கப்பட்டவர் வாயை மூடிக்கொள்வார். ஆகவே கண்ணியம் பாதுகாப்புக்கு எதிரி இல்லை, அதன் பகுதி என்றார் அவர்.

இப்போது சாவடி கண்ணிலிருந்து மறையத் தொடங்கியிருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாரணாசியில் டிஜியாத்ரா தொடங்கியது. முகமே நுழைவுச் சீட்டு ஆனது. விவரங்கள் பயணியின் கைப்பேசியிலேயே இருக்கும், நிலையத்தின் கணினியிலிருந்து 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறார்கள். வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முகம் அறியும் நிரல்கள் எல்லா முகங்களையும் ஒரேபோல் அறிவதில்லை என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2019-இல் கண்டது. ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களில் பிழை அதிகம். ஜில் தெலூஸ் 1990-இல் எழுதியது இந்த உலகத்தைப் பற்றித்தான்: மனிதர் தரவுத் துண்டுகளாகப் பிரிந்து, கணினி ஏற்றால் கதவு திறக்கும் உலகம். 2004-இல் கைரேகை தர மறுத்துத் தம் அமெரிக்கப் பயணத்தையே கைவிட்டார் தத்துவவாதி அகம்பென். அப்படி மறுக்க எல்லாராலும் முடியாது.

2024-இல் இந்தியாவில் உள்நாட்டு விமானங்களில் பறந்தோர் ஏறத்தாழ 16 கோடி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும் இயந்திரம்கூட, இத்தனை பேரில் 16 லட்சம் பேரைக் காரணமின்றி நிறுத்தும். காவலர் நிறுத்தினால் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கலாம். இயந்திரத்திடம் கேட்க முடியாது. அதன் பக்கத்தில் நிற்பவருக்கும் விடை தெரியாது.

2021 ஏப்ரல் முதல் ஒவ்வொரு உள்நாட்டுப் பயணியும் டிக்கெட்டோடு 200 ரூபாய் பாதுகாப்புக் கட்டணம் செலுத்துகிறார். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தனியே அழைத்துச் சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தக் காரணத்தால், செயற்கை உறுப்புகளோடு வந்தவர்களுக்கு என்ன நடந்தது, முகம் பொருந்தாமல் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்ற விவரங்களைப் பெயர் நீக்கி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிறுத்தப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நம் பல்கலைக்கழகச் சமூகவியல் துறைகள் மீனம்பாக்கத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் வரிசையின் இரு பக்கமும் நின்று ஆராய வேண்டும். அடுத்த முறை உங்களுக்கு முன்னால் ஒருவர் தனியே அழைக்கப்பட்டால், தாமதத்தை நொந்துகொள்ளாதீர்கள். அவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று கவனியுங்கள், தவறு கண்டால் எழுத்தில் புகார் கொடுங்கள்.